வானத்து வேடர்

யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஒன்றின் வளவிலே, குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கும் தாய்க்கோழி திடீரெனக் குரலை மாற்றுகின்றது. அதுவரை அங்குமிங்கும் ஓடித் திரிந்த குஞ்சுகள் அதன் சிறகடியிற் சென்று ஒளிகின்றன. பூவரசங்கொப்பில் இருந்த காகங்கள் கரைந்துகொண்டு மேலே எழுகின்றன. அடுக்களையிலிருந்து, "பிராந்து! பிராந்து! குஞ்சுகளைப் பாருங்கோ!" என்று ஒரு குரல் கேட்கின்றது. சிறுவர் கைதட்டிக் கூவிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வருகின்றனர். நிழலொன்று வேலியைக் கடந்து மறைந்துவிடுகின்றது.

வந்தது எந்தப் பறவை என்று அந்த வேளையில் எவரும் கேட்பதில்லை. நூல்களிலே பருந்து எனப்படுவது குடாநாட்டின் பேச்சு வழக்கிலே பிராந்து ஆகின்றது. செம்பருந்தும் பிராந்துதான், கரும்பருந்தும் பிராந்துதான், புறாவளவே உள்ள வல்லூறும், ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து மாரியில் வந்துசேரும் பூனைப் பருந்தும் அப்பெயருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பெயர் ஒன்றாகும்போது பழியும் ஒன்றாகின்றது. ஒரு பறவை தூக்கிச் சென்ற குஞ்சுக்காக அந்த இனங்கள் யாவும் கல்லெறிக்கும் கவணுக்கும் ஆளாகின்றன. இப்பறவைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிதல் பொழுதுபோக்குக்கு உரிய வித்தை மட்டுமன்று. நீதி வழங்குவதற்கு வேண்டிய முதற்படியும் அதுவே.

பிற உயிர்களைப் பிடித்து உண்ணும் பறவைகள் பல உள. மீனைக் கொத்தும் கொக்கும், புழுவைத் தின்னும் மைனாவும் ஒருவகையில் வேட்டையாடுவனவே. ஆயினும் வேட்டைப் பறவைகள் எனச் சிறப்பாகச் சொல்லப்படுவனவற்றுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. முதலாவது, நுனி வளைந்து கூர்மையான அலகு. இரண்டாவது, இரையைப் பற்றி இறுக்கும் வளைந்த நகங்களையுடைய வலிய கால். மூன்றாவது, கூர்மையான பார்வை. இரையைப் பிடிப்பது காலேயன்றி அலகன்று. அலகு கிழித்து உண்பதற்கே பெரிதும் பயன்படுகின்றது. பெரிய கழுகின் கண் மனிதக் கண்ணைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட நுட்பத்துடன் தொலைவிலுள்ள பொருளைப் பிரித்துக் காணவல்லது. இன்னுமொரு வியப்பும் உண்டு. பெரும்பாலான பறவையினங்களில் ஆணே உருவிற் பெரிதாயிருக்க, வேட்டைப் பறவைகளிலோ பெரும்பாலும் பெண்ணே பெரிது.

இவை காலத்தாலும் இரு பிரிவாகும். பகலில் வேட்டையாடுவன பருந்து, கழுகு, வல்லூறு, எழால் முதலியன. இரவில் வேட்டையாடுவன ஆந்தையும் கூகையும். ஒரே வயலை ஒரு கூட்டம் பகலிலும் மற்றக் கூட்டம் இரவிலும் முறை வைத்துக் காவல் செய்வதுபோல இவ்வேற்பாடு அமைந்திருக்கின்றது.

வேட்டைப் பறவைகளைக் கற்பதற்குக் குடாநாடு நல்லதொரு பள்ளிக்கூடம். இங்கு மலையில்லை, பார்வையை மறைக்கும் பெருங்காடும் இல்லை. நிலம் தட்டையானது, வானம் அகன்றது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத இந்நிலத்தில், கடல் உள்ளே புகுந்து கடனீரேரிகளாய்ப் பரந்து கிடக்கின்றது. அவற்றின் ஓரங்களிலே கண்டற் பற்றைகளும், மாரியில் நீர் நின்று கோடையில் வெடிக்கும் தரவைகளும் உள. அப்பாற் பனங்கூடல், அதற்கும் அப்பால் வயலும் தோட்டமும். மீனும் நண்டும் நீர்ப்பாம்பும் ஏரியில். எலியும் ஓணானும் தவளையும் வயலில். இருந்து நோட்டமிட நெடும்பனை. வேட்டைப் பறவைக்கு வேறென்ன வேண்டும்?

இத்தகைய இடங்களிலே இயற்கையைக் கற்பித்தல் குடாநாட்டுக்குப் புதிதன்று. தொண்டைமானாற்றிலே வெளிக்கள நிலையம் என்னும் பெயருடன் ஒரு கல்வி நிலையம் உண்டு. உயிரியலை ஏட்டிலும் சோதனைக்கூடத்திலும் மாத்திரம் கற்றாற் போதாது, உயிர்கள் வாழும் களத்திலும் கற்கவேண்டும் என்னும் எண்ணம் அதன் பெயரிலேயே விளங்குகின்றது. அதற்குத் தெற்கே வல்லைவெளி. வடமராட்சியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் போவோர் நாள்தோறும் கடக்கும் வெட்டவெளி. குடாநாட்டின் தென்கிழக்கு எல்லையில், வன்னி நிலத்தைத் தொட்டுக்கொண்டு சுண்டிக்குளம் இருக்கின்றது. 1938இற் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்விடம், நீண்ட போர் 2009இல் ஓய்ந்தபின், 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. பூநாரைகளைக் காணவே பலர் அங்கு செல்கின்றனர். அந்தப் பூநாரைக் கூட்டம் ஏதோ ஒரு நொடியில் ஒருங்கே கிளர்ந்து எழுமாயின், உடனே மேலே நோக்கவேண்டும். அங்கே பெரும்பாலும் ஒரு வேட்டைப் பறவை தென்படும்.

புதிதாய்ப் பழகுவோர் ஒரு பறவையைக் கண்டவுடன் அதன் நிறத்தையே தேடுவர். அது தவறு. உயரத்திற் பறக்கும் பறவை வெயிலுக்கெதிரே கருநிழலாகவே தோன்றும். இளம் பறவைகளின் நிறமோ தாய் தந்தையரின் நிறத்தை ஒத்திராது. ஆகவே ஐந்து வினாக்களை வரிசையாகக் கேட்டுக்கொள்வது பழகிய கண்ணுடையோர் வழக்கம். வாலின் நுனி எப்படியிருக்கின்றது? சிறகு அகன்றதா, கூர்ந்ததா? மிதக்கின்றதா, அடித்துப் பறக்கின்றதா? எந்த நிலத்தின்மீது பறக்கின்றது? எந்த மாதம்? இவ்வைந்துக்கும் விடை கிடைத்தால் பெயர் தானே வந்து சேரும்.

முதலாவதாகப் பழகத்தக்கது செம்பருந்து. கருடன் என வணங்கப்படுவதும் இதுவே. தலையும் மார்பும் தூய வெள்ளை. ஏனைய உடல் செங்காவி நிறம். வால் நுனி வட்டமானது. பண்ணைப் பாலத்திலும், பொன்னாலையிலிருந்து காரைநகருக்குச் செல்லும் கடல்வழித் தெருவிலும், நாவற்குழியிலும், கரையோரத்து மீன் இறங்குதுறைகளிலும் இதனைக் காணலாம். வலை கட்டுவதற்கு நட்ட தடிகளின் உச்சியில் அமைதியாய் அமர்ந்திருக்கும். செத்த மீன், நண்டு, சிறு நீர்ப்பாம்பு ஆகியவை இதற்கு உணவு. கரையில் ஒதுங்கும் கழிவை அகற்றும் தொழிலை ஊதியமின்றிச் செய்வது இப்பறவை.

கோயிற் குடமுழுக்கின்போது கருடன் வட்டமிடக் கண்டு அடியார் கைகுவிப்பது குடாநாடெங்கும் உள்ள வழக்கம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் வரலாறாக வழங்கும் கதையும் இப்பறவையைக் கொண்டதே. புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூக்கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் தாக்க முற்பட்டதாகவும், நாகம் கடலிலுள்ள ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டதாகவும், கருடன் வேறொரு பாறையில் அமர்ந்ததாகவும், அவ்வழியே மரக்கலத்தில் வந்த வணிகன் ஒருவன் இடைநின்று இரண்டையும் சமாதானம் செய்ததாகவும் சொல்வர். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. தீவுப் பகுதிக் கடலிலே செம்பருந்து நீர்ப்பாம்பைக் காலிற் பற்றி எழுவதைக் கண்ட கண்களே இக்கதையை முதலிற் கண்டிருத்தல் கூடும். அது எவ்வாறாயினும், பகை தீர்வதற்கு இருதரப்பையும் அறிந்த ஒருவர் இடையில் வேண்டும் என்பது அக்கதையின் உட்பொருள்.

செம்பருந்தின் இளம் பறவை பழுப்பு நிறமானது. அதனைக் கரும்பருந்தென மயங்குவோர் பலர். இங்கேதான் வால் உதவுகின்றது. கரும்பருந்தின் வால் நுனி நடுவிற் பிளந்து மீன்வாலைப் போன்றிருக்கும். செம்பருந்தின் வாலிற் பிளவில்லை. தென்னிந்திய நகரங்களிலே கூட்டங் கூட்டமாய்த் திரியும் கரும்பருந்து, இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரையோரங்களிலேயே மிகுதியாகக் காணப்படுவது. தென்னிலங்கையிலிருந்து பறவை காண வருவோர் இதனைப் பார்ப்பதற்கென்றே மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வருவதுண்டு. சந்தையடியிலும் இறைச்சிக்கடை வாசலிலும் வட்டமிட்டு, கிடைத்ததை எடுத்துச்செல்லும் துணிவு இதற்கு உண்டு. வளவிற் குஞ்சு தூக்குவோரின் பட்டியலில் இதன் பெயரைச் சேர்ப்பது முற்றும் அநியாயமன்று.

மூன்றாவது, கடற்கழுகு. சாம்பல் நிற முதுகும் வெண்ணிற வயிறும் உடைய இது, சிறகை விரித்தால் ஏறக்குறைய இரண்டு மீற்றர் அகலம் காணும். மிதக்கும்போது இரு சிறகுகளையும் சற்றே மேலுயர்த்திப் பிடித்திருக்கும். அதனை ஒருமுறை கண்டவர் பின்னர் மறவார். ஆணும் பெண்ணும் பல்லாண்டுகள் பிரியாது வாழும். உயர்ந்த மரத்திற் கட்டிய கூட்டையே ஆண்டுதோறும் திருத்திப் புதுச் சுள்ளிகளை அடுக்குவதால், கூடு ஆண்டுக்காண்டு பருத்துக்கொண்டே போகும். அந்த ஒரு மரம் வெட்டப்பட்டால், பல ஆண்டு உழைப்பும் ஒரு குடும்பத்தின் முகவரியும் ஒருங்கே அழிந்தன என்பதே பொருள்.

வல்லூறோ இம்மூன்றுக்கும் முற்றிலும் வேறானது. உருவிற் புறாவளவே, முதுகு சாம்பல், மார்பிலே மெல்லிய செம்பழுப்புக் கோடுகள், கண் கடுஞ்சிவப்பு அல்லது மஞ்சள். இது வட்டமிட்டு விளம்பரம் செய்வதில்லை. மாமரத்தின் அடர்ந்த கிளைக்குள்ளே ஒளிந்திருந்து, சில விரைந்த சிறகடிப்புகளும் ஒரு மிதப்பும் என மாறிமாறித் தாழப் பறந்து, இரை அறியுமுன் அதன்மேல் வீழும். ஓணான், பல்லி, பெருவெட்டுக்கிளி, எலி, சிறு குருவி ஆகியவை இதன் உணவு. அணில்கள் ஒருங்கே கீச்சிடும்போது அண்மையில் வல்லூறு இருக்கின்றதென்று ஊகிக்கலாம். முட்டை விட்டு வந்து சில நாளான குஞ்சு திறந்த முற்றத்தில் நின்றால் அதனையும் இது விடுவதில்லை.

இவை நான்கும் ஊரோடு உறைவன. ஐப்பசி தொடங்கி மாரி இறங்குகையில், விருந்தினர் வேறு சிலர் வருவர். மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலும் அதற்கு வடக்கிலும் பனி மூடும்போது, பூனைப் பருந்துகள் தெற்கு நோக்கி இந்தியாவைக் கடந்து இலங்கையை அடைகின்றன. இவற்றுக்குத் தெற்கே பெருங்கடலைத் தவிர வேறு நிலமில்லை. வயலுக்கும் தரவைக்கும் மேலே ஓர் ஆளுயரத்தில், சிறகுகளை மேலுயர்த்தி, காற்றோடு சாய்ந்து சாய்ந்து புல்லைத் துழாவுவது போலப் பறக்கும் பெரிய பறவை காணப்படின், அது பெரும்பாலும் பூனைப் பருந்தே. ஆந்தையைப்போல் இதன் முகத்திலும் இறகுத் தட்டு ஒன்று உண்டு. புல்லுக்குள் ஓடும் எலியின் ஒலியை அது செவிக்குத் திரட்டிக் கொடுக்கின்றது. இரவில் மரமேறாது, வெளியான புல்தரையிலேயே கூட்டமாய் உறங்கும். ஆதலால் "வெறுந்தரை" என்று மனிதர் கருதும் நிலம் இதற்கு உறைவிடம்.

கடனீரேரியில் வந்து தங்குவது விரால் அடிப்பான். இதற்கு மீனே உணவு என்று சொல்லிவிடலாம். நீருக்கு மேலே ஓரிடத்திற் சிறகடித்து நின்று, குறிபார்த்து, கால்களை முன்னே நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழும். வழுக்கும் மீனைப் பற்றுவதற்கென்றே இதன் பாதத்தின் அடியிற் சொரசொரப்பான முட்செதில்கள் உள. வெளிவிரலைப் பின்னே திருப்பி, முன்னிரண்டு பின்னிரண்டாய் மீனை இறுக்கவும் வல்லது. எழுந்தபின் மீனின் தலை முன்னோக்குமாறு திருப்பிப் பிடித்துக்கொள்ளும். காற்றின் தடை அப்போது குறையும். கடலோடியின் அறிவு போன்றதே இது.

கூரிய சிறகுடைய எழால் இனத்தைச் சேர்ந்த பைரியும் மாரியிற் கரையோரங்களிற் காணப்படுவதுண்டு. இன்றைய கோபுரங்களும் உயர்ந்த கம்பங்களும் இதற்குக் குன்றுகள். மேலிருந்து சிறகை மடக்கிப் பாயும் வேளையில் மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட விரைவை எட்டும் இப்பறவையை மிஞ்சிய விரைவு வேறெந்த உயிருக்கும் இல்லை. எழால் என்னும் பெயர் புதிதாய் ஆக்கியதன்று. குறுந்தொகையிலேயே காணப்படும் பழஞ்சொல். பழந்தமிழர் இவற்றைத் தனித்தனியே பெயரிட்டு அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொல் சான்று.

பகல் ஓய்ந்தபின் இரவுக் காவலர் வருகின்றனர். நத்து என்றும் சாக்குருவி என்றும் பெயரிட்டு, அதன் குரல் கேட்டாற் சாவு வருமென அஞ்சும் வழக்கம் இன்னும் மறையவில்லை. கூகையின் வெண்முகமும், ஓசையற்ற பறப்பும், திடீரென எழும் அலறலும் அச்சத்தை வளர்த்தன என்பது உண்மையே. நோயாளி படுத்த வீட்டில் இரவிரவாய் விளக்கெரியும். விளக்கைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிப் பல்லியும் எலியும் அவற்றைத் தேடி ஆந்தையும் வருதல் இயல்பு. சாவு ஆந்தையைத் தொடர்ந்து வரவில்லை; விளக்கைத் தொடர்ந்து ஆந்தைதான் வந்தது. இதை அறியாது பறவையைக் கல்லெறிந்து விரட்டுவோர், தங்கள் நெல்மூட்டையின் காவலனையே விரட்டுகின்றனர். புறநானூற்றுப் புலவர் ஒருவர் கூகைக்கோழியார் என்ற பெயராலேயே அறியப்படுகின்றார். அந்நாளில் அப்பெயரை வெறுத்து ஒதுக்கினார் இலர்.

இலங்கையில் நெடுங்காலமாகக் கூகை வடபகுதிக்கே பெரிதும் உரியதாக அறியப்பட்டிருந்தது. அதன் இரு காதுத்துளைகளும் ஒன்று மேலும் ஒன்று கீழுமாய் அமைந்தவை. இதனால் ஒலி இரு காதுகளையும் சேரும் நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே, காரிருளில் எலி நிற்கும் இடத்தை அது அறியும். சிறகிறகின் முன்விளிம்பு சீப்புப் போன்றிருப்பதால் பறக்கும் ஓசை எழுவதில்லை. எலியை முழுதாய் விழுங்கி, செரியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கிக் கக்கிவிடும். அவ்வுருண்டை ஒன்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடுகளும் தாடைகளும் கிடைக்கும். எவரும் பழிசுமத்தவோ மறுக்கவோ வேண்டியதில்லை. அப்பறவை என்ன உண்டது என்பதை அவ்வுருண்டையே எழுத்தில் எழுதியது போலக் காட்டிவிடும். வேட்டைப் பறவையைப் பற்றிய பாடத்தைப் பாடசாலையிலே தொடங்குவதற்கு இதனினும் எளிய வழியில்லை.

இஸ்ரவேலிலே 1983இல் ஒரு கூட்டுப்பண்ணையில் எலித்தொல்லைக்கு நஞ்சிடுவதை விட்டு, கூகைக்குப் பெட்டிக்கூடுகள் அமைத்துக் கொடுத்தனர். அம்முயற்சி நாட்டிற் பரவியதுடன் நில்லாது, பின்னர் யோர்தானிய, பலஸ்தீன உழவரிடத்தும் சென்றது. எல்லைகளால் பிரிந்து நின்றோர் ஒரு பறவைக்காகக் கலந்து பேசினர். மரப்பலகைப் பெட்டி ஒன்று, உயர்ந்த கம்பம் ஒன்று, நஞ்சிடாத பொறுமை ஆகிய மூன்றே அதற்கு வேண்டியவை.

இனி முற்றத்து வழக்குக்கு மீளலாம். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஏழெட்டு இனத்தவர். விரால் அடிப்பானுக்கு மீனன்றி வேறு நாட்டமில்லை, அதனை விடுவிக்கவேண்டும். கடற்கழுகுக்குக் கடலே களம். பூனைப் பருந்து வயலிலும் வெளியிலும் வேட்டையாடுவதன்றி வளவுக்குள் வருவது அரிது. கூகை எலியின் எதிரி. எஞ்சுவோர் கரும்பருந்தும் வல்லூறும், சிலவேளை செம்பருந்தும். இவையும் ஆண்டு முழுதும் எலியும் ஓணானும் செத்த மீனும் உண்டு, குஞ்சு காவலின்றி நிற்கும்போது மட்டும் அதனை எடுப்பவை. குஞ்சு குறைந்த நாளெல்லாம் பருந்து வந்த நாளுமன்று. காகமும் கீரியும் பூனையும் அப்பழியிற் பங்குடையன. தண்டனையைவிடத் தடுப்பே இங்கு மேலானது. குஞ்சு பொரித்த முதற் சில வாரங்களுக்குக் கூடை கவிழ்த்தோ, பழைய வலையை மேலே விரித்தோ அடைத்து வைப்பவருக்கு இழப்பு இல்லை. ஏழை வீட்டில் ஒரு குஞ்சும் பொருள்தான். அந்த இழப்பைச் சிறிதென்று ஒதுக்குவது நியாயமன்று. அதனைத் தவிர்க்கும் வழி வலையில் இருக்கின்றது, கவணில் இல்லை என்பதே சொல்லத்தக்கது.

கவணைக் காட்டிலும் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாதது, அது நஞ்சு. உணவுச் சங்கிலியின் உச்சியில் இருப்பவை வேட்டைப் பறவைகள். பூச்சி உண்ட நஞ்சு தவளையிலும், தவளை உண்ட நஞ்சு பாம்பிலும், பாம்பு உண்ட நஞ்சு பருந்திலும் சேர்கின்றது. டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி பரவிய பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பைரியின் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் உடற்பாரத்தாலேயே நொறுங்கியது. றேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட நூல் அந்நஞ்சின் கேட்டை உலகறியச் செய்தது. அமெரிக்கா 1972இல் அதனைத் தடை செய்தது. பைரி மெல்ல மீண்டது.

இந்தியாவிலே நிகழ்ந்தது அதனினும் கடுமையானது. மாடுகளுக்கு நோவு தீர்க்கக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டை உண்ட பிணந்தின்னிக் கழுகின் சிறுநீரகத்தைச் சிதைத்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகு ஆயிரத்துக்கு ஒன்று என்னுமளவுக்குக் குறைந்தது. காரணம் 2004இலேயே தெளிவாயிற்று. 2006இற் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. இலங்கையில் அக்கழுகினங்கள் வாழ்வதில்லை. எனினும் பாடம் இங்கும் பொருந்தும். தோட்டத்தில் வைக்கும் எலிநஞ்சு எலியுடன் முடிவதில்லை. நஞ்சுண்டு தள்ளாடும் எலியே கூகைக்கு எளிய இரை. எலியைக் கொல்ல வைத்த நஞ்சு, எலியைக் கொல்லும் பறவையையும் கொன்றால், அடுத்த போகத்தில் மிஞ்சுவது எலியே.

போரின் நீண்ட ஆண்டுகளில் குடாநாடு இழந்த பனைகள் எண்ணிலடங்கா. பனை வீழ்ந்தபோது மனிதன் கூரையையும் உணவையும் இழந்தான்; பறவை இருப்பிடத்தையும் கூட்டையும் இழந்தது. இன்று கடனீரேரி ஓரங்கள் குப்பையால் நிரவப்படுகின்றன, கண்டல் வெட்டப்படுகின்றது. காற்றிலிருந்து மின்சாரம் பெறும் பெருங்காற்றாலைகள் 2020இல் மன்னார்த் தீவிலே எழுந்தன. மின்சாரமும் வேண்டும், வலசைப் பறவையின் வழியும் வேண்டும் என்னும் வாதம் அங்கே தொடங்கியது. எந்த மாதத்தில் எப்பறவை எவ்வழியே செல்கின்றதென்ற கணக்கு இல்லாதவிடத்து, அவ்வாதத்திற் பறவையின் பக்கம் பேசச் சான்று இராது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இப்பறவைகளுக்குக் காவல் தருகின்றன. ஆயினும் பெயரறியாத உயிருக்காக வழக்காட முன்வருபவர் சிலரே.

பார்ப்பவரின் எண்ணிக்கை கூடினால் எய்பவரின் எண்ணிக்கை குறையும் என்பதற்கு வெளியுலகில் நல்ல சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலே ஒரு மலைமுகட்டைக் கடந்து இலையுதிர் காலத்திற் பருந்துகள் செல்லும். அவற்றைச் சுட்டுக் குவிப்பது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாயிருந்தது. 1929இல் ஓர் இனப் பருந்தின் தலைக்கு ஐந்து டொலர் பரிசும் அம்மாநிலம் வைத்தது. றோசலி எட்ஜ் என்னும் பெண்மணி 1934இல் அம்மலையைக் குத்தகைக்கு எடுத்து, மோரிஸ் பிரௌண் என்பவரைக் காவலராய் அமர்த்தினார். துப்பாக்கி நின்றது, எண்ணுதல் தொடங்கியது. வேட்டைப் பறவைகளுக்கென உலகில் எழுந்த முதற் சரணாலயம் அதுவே. ஆண்டுதோறும் அங்கே எழுதிவந்த கணக்கில், வெண்தலைக் கழுகின் இளம் பறவைகள் குறைந்துவருவது புலனாயிற்று. றேச்சல் கார்சன் தமது நூலிலே அக்கணக்கையும் சான்றாக எடுத்தாண்டார். மலையுச்சியில் ஒருவர் குறிப்பேட்டில் இட்ட கோடுகள் ஒரு நஞ்சை வெளிப்படுத்த உதவின.

இந்தியாவின் நாகாலாந்திலும் அவ்வாறே. சைபீரியப் பகுதியிலிருந்து தென்னாபிரிக்கா செல்லும் வழியில் அங்கே தங்கிய அமூர் எழால்கள் 2012இற் பல்லாயிரக்கணக்கில் வலையில் வீழ்த்தப்பட்டன. அச்செய்தி வெளிவந்தபின், பாங்தி முதலிய ஊரவர் தாமே கூடிப் பேசி, அடுத்த ஆண்டே வேட்டையை நிறுத்தினர். வலை விரித்த ஊரே பின்னர் விருந்தினரைப் பறவை காண அழைக்கும் ஊராயிற்று. மாறியது பறவையன்று, பறவையைப் பற்றிய அறிவு.

அத்தகைய அறிவு குடாநாட்டு மண்ணுக்கு அயலானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே பருத்தித்துறையில் வாழ்ந்த எட்கர் லேயார்ட் என்னும் ஆங்கில அலுவலர், இலங்கைப் பறவைகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றார். அவர் 1854இல் ஈப்பிடிப்பான் ஒன்றுக்கு அறிவியற் பெயரிட்டபோது, 'முத்து' என்னும் தமிழ்ப் பெயரை அதில் அமைத்தார். முத்து அவருடைய பணியாள். பொறுமையுடன் தேடி அரிய பறவைகள் பலவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவர். துரையின் நூல்கள் நூலகங்களில் உறங்க, அப்பணியாளின் பெயரோ உலகெங்கும் பறவை நூல்களில் இன்றளவும் அச்சாகின்றது. தொலைநோக்கியும் பட்டமும் இன்றி, பருத்தித்துறை மண்ணிலே பழகிய ஒரு கண் செய்த பணி அது.

அக்கண்ணைப் பெறுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு, நாள்தோறும் கால் மணிநேரம், மேற்கூறிய ஐந்து வினாக்கள், இவையே போதும். பாடசாலைக்கொரு குறிப்பேடு என்று வல்லைவெளியிலும் சரசாலையிலும் சுண்டிக்குளத்திலும் மாணவர் எழுதத் தொடங்கினால், சில ஆண்டுகளில் குடாநாட்டு வானத்தின் கணக்கு உருவாகிவிடும்.

அப்போதும் முற்றத்திலே தாய்க்கோழி குரலை மாற்றும், காகங்கள் கரையும், குஞ்சுகள் ஓடி ஒளியும். சிறுவர் கைதட்டி விரட்டட்டும்; அதிற் பிழையில்லை. ஆனால் "பிராந்து!" என்று கூவியவுடன் ஒரு சிறுமி மேலே பார்த்து, "வால் பிளந்திருக்குது, இது கரும்பருந்து" என்றோ, "இது செம்பருந்தின்ரை குஞ்சு, மீன்தான் தேடுது" என்றோ சொல்வாளாயின், அவ்வளவில் நெடுநாளைய வழக்கொன்று விசாரணைக்கு வந்துவிட்டது எனலாம். கூடையைக் கவிழ்த்துக் குஞ்சை மூடியபின், கவணைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்க அவ்வீட்டாருக்கு நேரம் இருக்கும்.